கயாக்கில் நண்டுக்குப் போக வலையா, கூடா, வளையமா?

வான்கூவரில் இருக்கும் மச்சான் போன வருடம் ஊருக்கு வந்தபோது கொழும்பில் ஒரு கயாக் (துடுப்பால் வலிக்கிற ஒடுங்கிய சின்னப் படகு) வாங்கி லொறியில் போட்டு அனுப்பினான். மூன்று மீற்றர் நீளம், முழு மஞ்சள், இருபத்தைந்து கிலோ பாரம். இரண்டு கிழமை நின்றான், மூன்று தரம் ஓட்டினான், போகும்போது "நீயே வைச்சிரு மச்சான்" என்று விட்டுவிட்டுப் போய்விட்டான். கொஞ்ச நாள் அது கோழிக்கூட்டுக்கு மேல் கவிழ்ந்து கிடந்தது. மனைவி அதன் முதுகில் துணி காயப்போட்டாள். பிறகு ஒருநாள் யாழ்ப்பாணத்தில் பண்ணைச் சந்தையில் நண்டு விலை கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பும்போதுதான் யோசனை வந்தது. வாசலில் இவ்வளவு பரவைக்கடல் கிடக்கிறது, கோழிக்கூட்டுக்கு மேல் ஒரு படகு கிடக்கிறது, நான் எதற்கு விலை கேட்டுக்கொண்டு நிற்கிறேன்?

போவது என்று முடிவெடுத்தது ஒரு நிமிடத்தில். எதைக் கொண்டு போவது என்பதில் மூன்று மாதம் போனது. மச்சான் தொலைபேசியில் "கூடு வாங்கு" என்றான். குருநகரில் பழக்கமான ஓர் அண்ணை, நாற்பது வருடம் நண்டு வலை விட்டவர், "வலையை விட்டால் வேறென்ன தம்பி இருக்கு" என்றார். இருவர் சொன்னதையும் செய்து பார்த்தேன், சொல்லாத இரண்டையும் செய்து பார்த்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவக்கூடும்.

முதலில் என் தேவை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மாறினால் பதிலும் மாறும். கிழமையில் ஒருநாள், பின்னேரம் மூன்று மணித்தியாலம். தனி ஆள். வீட்டில் ஒரு கறிக்கு எட்டுப் பத்து நண்டு கிடைத்தால் போதும். விற்கிற எண்ணம் இல்லை. கயாக் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. உள்ளே காலை நுழைத்து உட்காரும் வகை வைத்திருப்பவர்கள் நண்டு யோசனையையே விட்டுவிடலாம். ஒரு நண்டு கை தவறி உள்ளே விழுந்தால் அது உங்கள் தொடைக்கும் படகுக்கும் இடையில் இருக்கும், உங்களால் எழும்பவும் முடியாது.

நம்முடைய கடலையும் நண்டையும் பற்றியும் கொஞ்சம். யாழ்ப்பாணக் கடனீரேரி பரந்தது, ஆனால் ஆழமில்லை. பண்ணைப் பாலத்துக்கும் மண்டைதீவுக்கும் இடையில் பல இடங்களில் இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். அடியில் மணலும் சேறும், அதன் மேல் சாதாளை என்கிற கடற்புல். இதில் நாம் தேடுவது நீலக்கால் நண்டு. ஆண் நீலம், பெண் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். கடைசிக் கால் இரண்டும் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். அதனால் இது நடக்கிற நண்டு மட்டுமல்ல, நன்றாக நீந்துகிற நண்டு. பகலில் கண்ணை மட்டும் வெளியே விட்டு மணலுக்குள் புதைந்து கிடக்கும், பொழுது சாயத்தான் இரை தேடி எழும்பும். இந்த இரண்டையும் மனதில் வையுங்கள்: நீந்தும், பின்னேரம் எழும்பும். கீழே நான் சொல்கிற எல்லாம் இதில்தான் வந்து நிற்கிறது.

சரி, வலை. அண்ணையின் கட்சி.

அடியில் நிற்கும் நண்டு வலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேலே மிதப்பு, கீழே ஈயம், நாலு, நாலரை அங்குலக் கண். பின்னேரம் விட்டு விடியப்புறம் தூக்குவது. பிடிபடுகிற அளவைப் பார்த்தால் இதை அடிக்க வேறொன்றும் இல்லை. இரையும் தேவையில்லை. அண்ணை தன் பழைய வலையில் ஒரு துண்டு வெட்டித் தந்தார், ஐம்பது மீற்றர் வரும். விடுவது எளிது. கயாக்கின் பின்பக்கத்தில் வலையைச் சுருட்டி வைத்து, ஒரு முனையில் கல்லையும் மிதப்புக்கு ஒரு கானையும் கட்டி எறிந்துவிட்டு, துடுப்பை மெல்ல வலித்துக்கொண்டு போனால் வலை தானாக இறங்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெரிய மீன்பிடிகாரன் போலச் சாப்பிட்டுப் படுத்தேன்.

விடிய ஐந்தரைக்குத் தூக்கப் போனேன். முதல் பத்து மீற்றருக்குள் நாலு நண்டு. சந்தோஷம் அத்தோடு முடிந்தது. வலையில் பட்ட நண்டு தப்பப் பார்க்கும்போது சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொள்ளும். முள்ளில் ஒரு கண், காலில் ஒரு கண், கொடுக்கு இன்னொரு கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. வள்ளத்தில் போகிறவர்கள் அதைக் கடலில் வைத்துக் கழற்றுவதில்லை. நண்டோடு சேர்த்து வலையை அள்ளிப்போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, குடும்பமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். குருநகரிலும் நாவாந்துறையிலும் காலையில் போய்ப் பாருங்கள். கயாக்கில் அள்ளிப்போட எங்கே இடம்? மடிதான் இடம். ஈர வலை, சாதாளை, பாதி உயிரோடு ஏழெட்டு நண்டு, எல்லாம் என் மடியில். துடுப்பை எடுக்கக் கையைத் தூக்கினால் வலையும் சேர்ந்து தூக்கியது. ஒரு நண்டு கழன்று இறங்கி, தண்ணீர் வடிகிற துவாரத்துக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டு, மற்றக் கொடுக்கை என் பெருவிரலைப் பார்த்து விரித்தபடி கரை வரும் வரை அங்கேயே இருந்தது. நான் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு வலித்தேன்.

கரையில் நின்ற அண்ணை பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, வலை உங்களைப் பிடிச்சுதோ, நீங்கள் வலையைப் பிடிச்சியளோ?"

கழற்றி முடிக்க இரண்டு மணித்தியாலம். பதினொரு நண்டில் மூன்றுக்குக் கால் இல்லை, நான்தான் முறித்தேன். இரண்டு சினை நண்டு. அவற்றைக் கழற்றித் திரும்பக் கடலில் விடுவதற்குள் வயிற்று முட்டையில் பாதி வலையிலேயே உதிர்ந்துவிட்டது. வலையில் எனக்குப் பிடிக்காத இடமும் இதுதான். அது ஆள் பார்க்காது. சின்னது, சினை, தேவையில்லாத முரல், திருக்கைக் குஞ்சு எல்லாம் வரும், பெரும்பாலும் உயிரோடு திருப்பி விட முடியாத நிலையில்.

வலையில் இன்னொரு சிக்கல் சட்டம். கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையை வாங்கிவிடாதீர்கள், அது இலங்கையில் தடை. சரியான வலையாக இருந்தாலும், வலை விடுவது என்றால் அது பொழுதுபோக்கு இல்லை, தொழில் என்றுதான் மற்றவர்கள் பார்ப்பார்கள். கடற்றொழில் பரிசோதகரிடமும் அந்தக் கரையின் சங்கத்திலும் கேட்காமல் விடக்கூடாது. கிழமையில் ஒருநாள் ஒரு கறிக்குப் போகிறவனுக்கு இவ்வளவு தலையிடி தேவையா?

அடுத்தது கூடு. மச்சானின் கட்சி.

அவன் சொல்வதில் அவனுடைய கடலுக்குப் பிழையில்லை. வான்கூவர்ப் பக்கம் பிடிப்பது டஞ்சனஸ் நண்டு. கட்டையான, பாரமான, குளிர்ந்த ஆழத் தண்ணீரில் நடந்து திரிகிற சாதி. ஓடு 165 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அங்கே எடுக்கக்கூடாது, ஆளாளுக்கு அளவுகோல் வைத்திருப்பார்களாம். அந்த நண்டுக்குக் கம்பிக் கூட்டை நீளக் கயிற்றில் இறக்கிவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். கயாக்கில் கூடு கொண்டுபோகிற பழக்கமும் அங்கே நன்றாகவே இருக்கிறது.

நான் வாங்கியது மடக்குக் கூடு, இரண்டு. கம்பிச் சட்டம், சுற்றிலும் வலைத்துணி, இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கிப் போகும் வாய். நடுவில் இரைப் பை. மடித்தால் தோசைக்கல் போலத் தட்டையாகிவிடும், கயாக்கின் முன்பக்கத்தில் கட்டிவைக்கச் சுகம். உள்ளே வந்த நண்டு முழு உயிரோடு, கால் முறியாமல் இருக்கும். கதவைத் திறந்து வாளிக்கு மேல் கவிழ்த்தால் விழும். சினை நண்டைப் பார்த்தவுடன் அப்படியே கடலில் விடலாம். படகுக்குள் நடக்கிற வேலையை மட்டும் வைத்துப் புள்ளி போட்டால் கூட்டுக்குத்தான் முதலிடம்.

ஆனால் அது நேரம் கேட்கிறது. ஒரு மணித்தியாலத்தில் தூக்கினால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இரவு முழுக்கக் கிடந்தால்தான் நாலைந்து சேரும். இரவு முழுக்கக் கிடந்தால் இரண்டு விஷயம் நடக்கலாம். ஒன்று, விடியும்போது கூட்டைக் காணோம். யாரையும் குறை சொல்லவில்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளம் இரவில் கயிற்றை வெட்டிக்கொண்டு போனாலும் மிதப்புப் போய்விடும். எனக்கு இரண்டில் ஒன்று மூன்றாவது இரவிலேயே போனது. மற்றது, அப்படித் தொலைந்த கூடு சும்மா கிடக்காது. உள்ளே போன நண்டு செத்து, அதுவே இரையாகி, அடுத்த நண்டை அழைத்து, அதுவும் செத்து, மாதக்கணக்கில் யாருக்கும் உதவாமல் பிடித்துக்கொண்டே கிடக்கும். கூடு பாவிப்பவர்கள் கதவை நைலோனில் கட்டாமல் பருத்தி நூலில் கட்டுங்கள். கொஞ்ச நாளில் இற்றுப்போய்க் கதவு திறந்துகொள்ளும்.

கூடு எனக்கு முழுத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். அரியாலை, கொழும்புத்துறைப் பக்கம் கண்டல் மரங்கள் நிற்கிற இடங்களில் சேற்று நண்டு உண்டு. அது வேறு ஆள். கறுத்த பச்சை, கொடுக்கு என் மணிக்கட்டுத் தடிப்பு. வேருக்குள் வளை வைத்து இருக்கும், நீந்தி ஓடுகிற அவசரம் இல்லை. அதற்குக் கூடுதான் சரி, வேறெதையும் யோசிக்கவும் வேண்டாம். ஆனால் தூக்கியதும் கூட்டோடு கரைக்கு வாருங்கள். கயாக்கில் வைத்துக் கதவைத் திறக்கிற வேலை வேண்டாம். விரலை நசுக்குகிற பலம் அதற்கு உண்டு. கரையில் கொடுக்கைக் கயிற்றால் கட்டிய பிறகுதான் அது உங்கள் நண்டு.

கயிறும் கோருவலையும் மூன்றாவது வழி. சின்ன வயதில் எல்லாரும் செய்ததுதான்: கயிற்றில் மீன் தலையைக் கட்டி இறக்கி, நண்டு பிடித்ததும் ஆடாமல் அசையாமல் மேலே இழுத்து, கண்ணுக்குத் தெரிந்ததும் கீழால் கோருவலையைக் கொடுத்து அள்ளுவது. செலவில்லை. பிள்ளைகளோடு துறையில் குந்தியிருந்து செய்ய இதைப்போல் சுகமில்லை. கயாக்கில் வேலைக்காகாது. சோழகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், தண்ணீர் கலங்கியிருக்கும், நண்டு மேலே வருகிறதா என்றே தெரியாது. தெளிவான நாளில் மஞ்சள் படகின் நிழலைப் பார்த்துவிட்டு விட்டுவிடும். தூண்டில் தடியில் எறிகிற கண்ணிப் பெட்டி ஒன்றும் வெளிநாட்டில் உண்டு, சுருக்குக் கயிறு காலைப் பிடிக்கும். நம்முடைய சாதாளைக்குள் எறிந்தால் நண்டு வருகிறதோ இல்லையோ, ஒரு கட்டுச் சாதாளை நிச்சயம் வரும்.

இப்போது நான் கடைசியில் போய் நின்ற இடம்: வளையம்.

ஊரில் இதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், நான் வளையவலை என்கிறேன். ஒட்டுக்கடையில் ஆறு மில்லிமீற்றர் கம்பியை வளைத்து ஒட்டுவித்தேன், இரண்டடி குறுக்களவு. அதில் பழைய வலைத் துண்டைத் தொய்யலாகக் கட்டி, நடுவில் இரை. வளையத்தில் மூன்று இடத்தில் கயிறு கட்டி மேலே ஒன்றாக முடிந்து, அங்கிருந்து ஒரு கயிறு மிதப்புக்கு. அடியில் கிடக்கும்போது தட்டையாகக் கிடக்கும். நண்டு எந்தப் பக்கத்தாலும் நடந்து வந்து சாப்பிடலாம், போகலாம், தடையே இல்லை. இழுத்தால் வளையம் மேலே வர, வலை பையாகத் தொங்கும், நண்டு உள்ளே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். பொறி எதுவும் இல்லை. பொறி உங்கள் கைதான்.

அதனால் கையில் பழுதிருந்தால் ஒன்றும் வராது. முதல் நாள் நாலு வளையம் வைத்துப் பன்னிரண்டு தரம் தூக்கி இரண்டு நண்டு. நீந்துகிற நண்டு என்றேனே, அதுதான். முதல் அரை மீற்றரை மெல்ல இழுத்தால் அதற்கு எழும்பிப் போக நேரம் இருக்கிறது. சரிவாக இழுத்தால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்து கதவு திறந்துவிட்டது போலாகும். கயாக்கில் பிரச்சினையே இங்கேதான்: மிதப்புக்கு நேரே மேலே போய் நிற்க வேண்டும், நின்றதும் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டுபிடிக்க எனக்கு நாலு பின்னேரம் எடுத்தது. காற்றோடு போனால் மிதப்பைத் தாண்டிப் போய்விடுவீர்கள். காற்றுக்கு எதிரே வலித்துக்கொண்டு போங்கள். மிதப்பு உங்கள் முழங்காலுக்கு நேரே வரும்போது வலிப்பதை நிறுத்தினால் காற்றே படகைப் பிடித்து நிறுத்தும். துடுப்பை ஒரு சின்னக் கயிற்றால் படகோடு கட்டி வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் யோசிக்காமல் கீழே போடலாம். கயிற்றைத் தொய்வில்லாமல் கையில் எடுங்கள். பிறகு ஒரு மூச்சில், கைக்கு மேல் கையாக, நேரே மேலே. தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகு அவசரம் இல்லை. எப்போதும் முழங்காலுக்கு முன்னால் வைத்து இழுங்கள். உடம்பைப் பின்னால் திருப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தவர்கள் கவிழ்வார்கள். நானும் கவிழ்ந்தேன். இடுப்பளவு தண்ணீர் என்பதால் எழும்பி நின்று சிரித்துவிட்டு ஏறினேன். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு என்று நினைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வள்ளம் போகிற வாய்க்கால் ஆழமாக இருக்கும்.

கை பழகிய பிறகு கணக்கு மாறியது. நாலு வளையம், ஒவ்வொன்றுக்கும் இடையில் இருபது முப்பது மீற்றர். கடைசி வளையத்தை வைத்து முடிய முதலாவது தூக்கத் தயாராக இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. பொழுது சாயும் முன் ஒரு மணித்தியாலமும் சாய்ந்த பின் அரை மணித்தியாலமும்தான் உண்மையான வேட்டை. அதற்கு முன் வைப்பதெல்லாம் பழக்கத்துக்கு. ஒரு சுற்றில் ஒன்றிரண்டு என்று வந்தாலே வாளியில் எட்டு ஒன்பது சேர்ந்துவிடும். வலையின் அள்ளுதல் இதில் வராது, வர வேண்டியதும் இல்லை. தூக்கும்போது கிடைத்தால் ஒன்றோ இரண்டோ நண்டுதான் முன்னால் இருக்கும். நிதானமாகப் புரட்டி வயிற்று மடலைப் பார்க்கலாம்: ஒடுங்கிய கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். முட்டை சுமந்திருந்தால் அப்படியே திரும்பப் போகும். மஞ்சளாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, கறுத்துவிட்டால் பொரிக்கப் போகிறது. என் உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்ததும் போகும். அமத்திப் பார்த்தால் ஓடு நெகிழ்கிறதா, அது புதிதாக ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான், அதையும் விடுங்கள். நிலவு காலத்தில் நண்டில் சதை இல்லை என்று அம்மா சந்தையில் வாங்கவே மாட்டார். நான் நிலவில் பிடித்ததில் சதை இருந்தும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

இரைக்குச் சூடைத் தலை மலிவு, ஆனால் சின்ன மீன்கள் கொத்திக் கொத்தி அரை மணித்தியாலத்தில் முடித்துவிடும். திருக்கைத் துண்டு கிடைத்தால் அதுதான் நல்லது, தோலும் குருத்தும் இழுபடும். கோழிக்குடல் மணம் பிடிக்கும், கயாக்கையும் பிடிக்கும், இரண்டு நாளுக்கு அருகில் போக முடியாது.

பிடித்ததை வைப்பது எப்படி என்பதிலும் ஒரு பிழை விட்டேன். உயிரோடு இருக்கட்டும் என்று வாளியில் கடல்தண்ணீர் நிரப்பி அதற்குள் போட்டேன். கரைக்கு வரும்போது பாதி செத்துவிட்டது. அசையாத தண்ணீரில் பத்து நண்டுக்குக் காணுமளவு பிராணவாயு இல்லை. தண்ணீர் வேண்டாம், வாளியில் போட்டு மேலே ஈரச் சாக்கை மூடினால் நிழலில் பல மணித்தியாலம் இருக்கும். மூடி இறுக்கம் வேண்டாம். எடுக்கும்போது பின்னால், துடுப்புக் கால் முளைக்கிற இடத்தில் பிடித்தால் கொடுக்கு எட்டாது. றப்பர்க் கையுறையை நம்பி முன்னால் கையை நீட்டினால் கையுறையோடு சேர்த்துக் கடிக்கும்.

கயாக்கே வேண்டாம், ரோச் லைற்றும் மண்டாவும் எடுத்துக்கொண்டு இரவில் நடந்து போய்க் குத்தலாமே என்று அல்லைப்பிட்டியில் ஒரு தம்பி கேட்டான். முந்தி சூள் கொளுத்திக்கொண்டு போனவர்கள் செய்ததுதான். நன்றாகக் கிடைக்கும். ஆனால் குத்திய நண்டைத் திருப்பி விட முடியாது, சினையா என்று குத்திய பிறகுதான் தெரியும். சேற்றுக்குள் திருக்கை படுத்திருக்கும், ஊரி காலை வெட்டும். சப்பாத்துப் போட்டு, காலைத் தூக்கி வைக்காமல் நிலத்தோடு தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு பாதி பிடித்தது: தண்ணீர் மிகக் குறைந்த இடங்களில் இப்போது நானே இறங்கி, கயாக்கின் கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்து வளையம் தூக்குகிறேன். அந்த நேரத்தில் அது படகு இல்லை, வண்டில்.

இடத்தைப் பற்றி. பண்ணை எனக்குப் பக்கம், அதனால் போகிறேன். பாலத்து வாய்களில் நீரோட்டம் இழுக்கும், அதற்கு நேரே வைக்காதீர்கள். மண்டைதீவு, அல்லைப்பிட்டிக் கரை வளையத்துக்கு நல்ல மணல். சங்குப்பிட்டிப் பாலத்தடியில் எல்லாரும் தூண்டில் போடுகிறார்கள் என்று போனேன். ஓட்டமும் காற்றும் சேர்ந்து வளையத்தையே இழுத்துக்கொண்டு போனது, தனிக் கயாக்குக்கு அது இடமில்லை. அராலிப் பக்கம் மாரியில் வழுக்கையாற்று வெள்ளம் இறங்கும், நல்ல தண்ணீர் கூடினால் நண்டு உப்புத் தேடி வெளியே போய்விடும். ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை மழையும் வாடைக் காற்றும் இருக்கிற நாட்களில் நான் படகை இறக்குவதே இல்லை. வைகாசி தொடங்கினால் சோழகம், பின்னேரம்தான் அது முழு மூச்சில் அடிக்கும், நமக்கு வேண்டியதும் பின்னேரம்தான். மாசி, பங்குனி, சித்திரை எனக்கு நல்ல மாதங்கள். சோழகம் விழுந்து மழை பிடிக்கும் முன் ஒரு மாதம் மறுபடி கிடைக்கும்.

எங்கே போனாலும் கண்ணுக்குத் தெரியாத வேலிகள் இருக்கின்றன. சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நிற்கிற இடம் யாரோ ஒருவருடையது, அவர் இப்போது அங்கே இல்லாவிட்டாலும். கடலட்டைப் பண்ணைகளின் அடைப்பு வலைக்குக் கிட்டவும் போகக்கூடாது. கடலட்டைக்குக் காவல் உண்டு, பொழுதுபட்ட பிறகு ஒரு மஞ்சள் படகு அங்கே என்ன செய்கிறது என்று கேட்பது அவர்களுடைய வேலை. நான் முதலில் அந்தக் கரைச் சங்கத்தில் போய், இதுதான் படகு, இவ்வளவுதான் வளையம், விற்க இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். நாலு வளையத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தது நல்லது. வலையோடு போயிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என்னைப்போலத் தனி ஆள், நீலக்கால் நண்டு, ஒரு கறி என்றால் வளையம் நாலு. ஐந்தாவது வைத்தால் சுற்றி முடிக்க முடியாது. கண்டலில் சேற்று நண்டு என்றால் கூடு, பகலில் பக்கத்திலேயே நின்று. இரண்டு பேர் ஏறும் கயாக் என்றால் ஒருவர் வலிக்க ஒருவர் தூக்க வளையம் இன்னும் சுகமாக இருக்கும். வலை வேண்டுமென்றால் வள்ளத்துக்குப் போங்கள்.

அண்ணையின் வலைத் துண்டைக் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வளையத்தைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். "உது பெடியளின்ர விளையாட்டுச் சாமானெல்லோ" என்றார். போன கிழமை பேரனுக்கு இரண்டு செய்து தரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

மச்சான் இன்னும் கூட்டுக் கட்சிதான். ஆடிக்கு வரும்போது அங்கிருந்து நல்ல கூடு இரண்டு கொண்டு வருகிறானாம், எனக்குக் காட்டித் தருகிறானாம். சோழக நேரம் என்பதை விடுவோம். நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் நண்டுச் சட்டி பரணில். அவன் நிற்கப்போவதும் சரியாக இருபத்தைந்து நாள்.